ட்ரிகருக்குள் மெயில் வைக்கலாமா?

தர்மபுரி பக்கம் ஒரு பால் குளிரூட்டும் நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலையைக் கவனிக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது: "அண்ணா, எங்க பிஎம்சி, அதாவது பாலைக் குளிர வைக்கிற பெரிய தொட்டியோட டெம்பரேச்சர் நிமிஷத்துக்கு ஒரு தடவை எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ்ல ஒரு டேபிள்ல வந்து விழுது. 4 டிகிரிக்கு மேல போனா மேனேஜருக்கு மெயில் போகணும். அந்த டேபிள்லயே ஒரு ட்ரிகர் போட்டு அதுலயே மெயில் அனுப்பிட்டா வேலை முடிஞ்சுது. தனியா ஒரு புரோகிராம் எதுக்கு? சீனியர் ஒருத்தர் கூடவே கூடாதுங்கறார். ஆனா ஏன்னு சொல்ல மாட்டேங்கறார்."

தம்பி, உங்கள் சீனியர் சொன்னது சரிதான். காரணத்தையும் சொல்லியிருந்தால் உங்களுக்கு உதவியாக இருந்திருக்கும். நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகவே. ஏனென்றால் இதில் நானே அடிபட்டிருக்கிறேன்.

சுருக்கமான பதில்: ட்ரிகர், அதாவது டேபிளில் ஒரு வரி சேர்ந்தாலோ மாறினாலோ டேட்டாபேஸ் தானாக ஓட்டும் சிறு கோட், மெயில் அனுப்பக் கூடாது. "இந்த மெயில் அனுப்ப வேண்டியிருக்கிறது" என்று இன்னொரு டேபிளில் ஒரு வரி எழுதி வைக்கலாம், அதோடு அதன் வேலை முடிய வேண்டும். அனுப்புவது டேட்டாபேஸுக்கு வெளியே இருக்கும் வேறொரு புரோகிராமின் வேலை. உங்கள் பால் தொட்டி விஷயத்தில் அந்த அளவுக்குக்கூட ட்ரிகர் தேவைப்படாது என்பது என் எண்ணம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலைகளுக்கும் மண்டிகளுக்கும் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவன். சில வருடங்களுக்கு முன் காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஆலைக்கு எடைமேடை மென்பொருள் செய்து கொடுத்தேன். ஜூன் மாதம். பெங்களூரா காய், வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி, கிளிமூக்கு என்பார்களே அதுதான், லாரி லாரியாக இறங்கும் சமயம். லோடு வண்டி எடைமேடையில் ஏறினால் முதல் எடை. காயைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டி எடை. இரண்டாவது எடை பதிவானதும் நிகர எடை கணக்காகி, காய் அனுப்பிய ஏஜென்டுக்கும் ஆலை அலுவலகத்துக்கும் மெயில் போக வேண்டும். டேட்டாபேஸ் ஆரக்கிள். எடைச் சீட்டு டேபிளில் ஓர் அப்டேட் ட்ரிகர் போட்டு, அதற்குள் ஆரக்கிளின் மெயில் அனுப்பும் பேக்கேஜான யூடிஎல் எஸ்எம்டிபியை வைத்து மெயிலை அனுப்பினேன். என் அலுவலகத்தில் சோதித்தபோது ஒரு நொடிகூட ஆகவில்லை. இதைவிடச் சுருக்கமாக இந்த வேலையைச் செய்ய முடியாது என்றுதான் அன்றைக்கு நம்பினேன்.

ஒரு நாள் சாயங்காலம் மழை. இன்டர்நெட் அறுந்தும் போகவில்லை, ஒழுங்காகவும் இல்லை. எடைமேடை ஆபரேட்டர் போன் செய்தார். "சார், சேவ் குடுத்து ரெண்டு நிமிஷம் ஆச்சு, சுத்திக்கிட்டே இருக்குது. வண்டிய மேடைய விட்டு இறக்கவா, வேண்டாமா?" எடைமேடைக் கருவியிலிருந்து வரும் கேபிளில்தான் கோளாறு என்று நினைத்து அதைக் கழற்றி மாட்டச் சொன்னேன். அவர் புரோகிராமை மூடிவிட்டுத் திரும்பத் திறந்து, அதே சீட்டை எடுத்து மறுபடி சேவ் கொடுத்தார். அதுவும் நின்றது. பழைய செஷன் சர்வரில் உயிரோடு இருந்து அந்த வரியை வேறு யாரும் மாற்ற முடியாதபடி லாக் பிடித்து வைத்திருந்தது. அந்த நேரம் அதே சீட்டில் வண்டி எண்ணைத் திருத்தப் போன அக்கவுண்டன்டின் திரையும் நின்றது. வெளியே லாரிகள் கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்றன. மெயில் சர்வர் பதில் சொல்லாததால் மாங்காய் இறங்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே ஒரு சம்பந்தமும் இருந்திருக்கக் கூடாது. நான் எழுதிய ஒரு ட்ரிகர்தான் இரண்டையும் சேர்த்துக் கட்டியது.

ட்ரிகர் என்பது உங்கள் இன்சர்ட்டுக்கோ அப்டேட்டுக்கோ பிறகு எப்போதாவது தனியாக ஓடும் ஒன்று அல்ல. அது அந்த டிரான்சாக்ஷனின், அதாவது மொத்தமாக நிலைக்கும் அல்லது மொத்தமாகக் கலையும் கட்டளைத் தொகுப்பின், வயிற்றுக்குள் ஓடுகிறது. ட்ரிகர் முடியாமல் அந்தக் கட்டளை முடியாது, கட்டளை முடியாமல் கமிட் (பதிவு நிலைப்பது) இல்லை, கமிட் ஆகாமல் லாக் விடாது. ட்ரிகருக்குள் நீங்கள் எதற்காகக் காத்திருந்தாலும் அந்த வரியைத் தொட வரும் அத்தனை பேரும் அதற்காகச் சேர்ந்து காத்திருக்கிறார்கள்.

சரி, மெயில் சர்வரோடு பேச எவ்வளவு நேரம் ஆகும்? மெயில் அனுப்பும் முறையான எஸ்எம்டிபி ஓர் உரையாடல். இந்தப் பக்கம் வணக்கம் சொன்னால் அந்தப் பக்கம் பதில், அனுப்புநர் யார் என்றால் ஒரு பதில், பெறுநர் யார் என்றால் ஒரு பதில், கடிதத்தைக் கொடுத்து முற்றுப்புள்ளி வைத்தால் கடைசிப் பதில். 2008இல் வந்த ஆர்எஃப்சி 5321 என்ற எஸ்எம்டிபி விதி ஆவணம் ஒவ்வொரு பதிலுக்கும் குறைந்தது எவ்வளவு நேரம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. முதல் வரவேற்புக்கு 5 நிமிடம். அனுப்புநர் வரிக்கு 5. பெறுநர் ஒவ்வொருவருக்கும் 5. கடிதம் முடிந்து கடைசிப் புள்ளி வைத்த பிறகு 10 நிமிடம். ஒருமுறை தோற்றால் அரை மணி நேரமாவது கழித்துத் திரும்ப முயல வேண்டும், நாலைந்து நாள் வரை விடாமல் முயல வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. நிமிடங்களையும் நாட்களையும் கணக்கில் வைத்து வடிவமைத்த ஒரு முறையை, மில்லிசெகண்டில் முடிய வேண்டிய ஓர் அப்டேட்டின் நடுவில் கொண்டுபோய் வைத்தேன். மெயில் சர்வர்கள் தாமாகவே க்யூ வைத்துத் திரும்பத் திரும்ப முயல்வது இதனால்தான். அந்தப் பொறுமை ட்ரிகருக்கு இல்லை, இருக்கவும் கூடாது.

இதைச் சொன்னதும் சிலர், "அதே மெஷினில் ஒரு போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வர் போட்டு, ட்ரிகரை லோக்கல்ஹோஸ்டோடு, அதாவது அதே மெஷினோடு, பேசவிட்டால் தாமதம் போய்விடுமே" என்பார்கள். தாமதம் பெருமளவு போய்விடும், உண்மைதான். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் அப்படியே இருக்கும். அதையும் அதே ஆலையில், அதே சீசனில் பார்த்தேன்.

ஒரு லாரி. முதல் எடை 13,720 கிலோ, காலி வண்டி 5,260, நிகரம் 8,460. ஆபரேட்டர் சேவ் கொடுத்தார். ட்ரிகர் ஓடியது, மெயில் போனது. அதே டிரான்சாக்ஷனின் அடுத்த படி பில் டேபிளில் ஒரு வரி போடுவது. அன்றைய காய் விலையை அலுவலகத்தில் இன்னும் ஏற்றவில்லை. அதனால் அந்தப் படி எரர் கொடுத்து, எல்லாம் ரோல்பேக் ஆனது, அதாவது செய்த அத்தனையும் கலைந்தது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அந்த இரண்டாவது எடை நடக்கவே இல்லை. விலையை ஏற்றிய பிறகு வண்டியைத் திரும்ப மேடையில் ஏற்றினார்கள். இந்த முறை கிளீனர் இறங்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். காலி எடை 5,320 என்று வந்தது, நிகரம் 8,400. அதற்கும் ஒரு மெயில் போனது. மறுநாள் காலை ஏஜென்ட் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "சார், முதல் மெயில்ல 8,460 இருக்குது. அடுத்ததுல 8,400. ரெண்டுமே உங்ககிட்ட இருந்து வந்ததுதான். எது நிஜம்?" அக்கவுண்டன்ட் கம்ப்யூட்டரில் தேடினார். 8,460 என்ற எண் எந்த டேபிளிலும் இல்லை. ரோல்பேக் ஆனதால் அதற்கு ஒரு தடமும் இல்லை. அவர் என்னைப் பார்த்தார். அந்த மனிதரிடம் "அது கம்ப்யூட்டர் தப்பு" என்று எப்படிச் சொல்வது? 60 கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதைவிட, இனிமேல் எங்கள் மெயிலை அவர் எப்படி நம்புவார் என்பதுதான் என்னை உறுத்தியது.

டேட்டாபேஸில் எழுதியதைத் திரும்ப எடுக்கலாம், ரோல்பேக் என்ற ஒன்று இருப்பதே அதற்குத்தான். மெயிலைத் திரும்ப எடுக்க முடியாது. கமிட் ஆகும் வரை ஒரு விஷயம் நடந்ததாகவே கணக்கில்லை. ட்ரிகர் ஓடுவது கமிட்டுக்கு முன்னால். ஆகவே ட்ரிகருக்குள்ளிருந்து நேராக மெயில் அனுப்பினால், இன்னும் உண்மையாகாத ஒன்றை ஊருக்குச் சொல்கிறீர்கள். பெரும்பாலும் அது உண்மையாகிவிடும். ஆகாமல் போகும் அந்த ஒன்றிரண்டு தடவைதான் வழக்காகி வந்து நிற்கும்.

ஆரக்கிளில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஓர் அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது, அது தேடிப் பிடித்த வரியை வேறொருவர் மாற்றி கமிட் செய்திருந்தால், ஆரக்கிள் அதுவரை செய்ததைக் கலைத்துவிட்டு அந்தக் கட்டளையை முதலிலிருந்து ஓட்டக்கூடும். அப்போது வரிக்கு வரி ஓடும் ட்ரிகர் இரண்டு தடவை ஓடும். டேபிளில் நடக்கும் மாற்றம் ஒன்றுதான், போகும் மெயில் இரண்டு. இதைச் சோதித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். கூட்டம் நெரியும் நாளில் மட்டும் தலைகாட்டும்.

இனி உங்கள் எஸ்க்யூஎல் சர்வர். இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். 2005 பதிப்பில் வந்த டேட்டாபேஸ் மெயில், நான் ஆரக்கிளில் செய்த மாதிரி நேராகப் போய் மெயில் சர்வரோடு பேசுவதில்லை. எஸ்பி செண்ட் டிபிமெயில் என்ற புரொசீஜரை அழைத்தால் அது எம்எஸ்டிபி என்ற சர்வரின் சொந்த டேட்டாபேஸில் ஒரு வரி எழுதி, சர்வீஸ் புரோக்கர் என்ற அதன் உள் க்யூவில் போட்டுவிட்டு உடனே திரும்பிவிடும். வெளியே தனியாக ஓடும் ஒரு எக்ஸிகியூட்டபிள் அந்த க்யூவைப் பார்த்து அனுப்பும். டிரான்சாக்ஷன் ரோல்பேக் ஆனால் க்யூவில் போட்டதும் சேர்ந்து போய்விடும். பேய் மெயில் வராது. அதற்கு முன்னால் எஸ்க்யூஎல் மெயில் என்று ஒன்று இருந்தது. சர்வரிலேயே அவுட்லுக் மாதிரி ஒரு மேப்பி கிளையன்ட் நிறுவ வேண்டும். 2012 பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். ஆக, நான் மேலே சொன்ன "எழுதி வை, அனுப்பாதே" என்பதைத்தான் மைக்ரோசாஃப்டே உள்ளுக்குள் செய்து கொடுத்திருக்கிறது.

அப்படியானால் எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரிகரிலேயே வைக்கலாமே என்று கேட்பீர்கள். மூன்று இடங்களில் ஆட்கள் விழுவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, அனுமதி. செயலியின் யூசருக்கு எம்எஸ்டிபியில் மெயில் அனுப்பும் ரோல் இல்லையென்றால் எஸ்பி செண்ட் டிபிமெயில் எரர் கொடுக்கும். ட்ரிகருக்குள் எக்ஸாக்ட் அபார்ட் (எரர் வந்தால் எல்லாவற்றையும் கலைக்கும் அமைப்பு) இயல்பாகவே ஆன் நிலையில் இருக்கும், ஆகவே அந்த எரர் உங்கள் இன்சர்ட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மெயில் அனுப்ப உரிமை இல்லாத காரணத்தால் எடை பதிவாகாமல் போவது என்ன நியாயம்?

இரண்டாவது, அந்த புரொசீஜருக்கு ஒரு க்வெரியைக் கொடுத்து அதன் விடையை மெயிலில் சேர்க்கும் வசதி. அந்த க்வெரி வேறொரு செஷனில் ஓடும். ட்ரிகர் இப்போதுதான் மாற்றி, இன்னும் கமிட் ஆகாத அதே வரியை அது படிக்கப் போகும். வரியை லாக் பிடித்திருப்பது ட்ரிகரின் டிரான்சாக்ஷன். ட்ரிகர் காத்திருப்பது அந்த க்வெரிக்காக. க்வெரி காத்திருப்பது ட்ரிகருக்காக. ஒருவர் கதவை மற்றவர் பூட்டிக்கொண்டு நிற்பது மாதிரி. டேட்டாபேஸின் டெட்லாக் கண்காணிப்புக்கும் இது டெட்லாக்காகத் தெரியாது, ஏனென்றால் ஒரு பக்கம் காத்திருப்பது லாக்குக்காக அல்ல. சும்மா நிற்கும். ஓசூரில் ஓர் உதிரிபாக நிறுவனத்தில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மதியம் முழுவதும் ஆனது.

மூன்றாவது, எல்லோரும் செய்வது. எஸ்க்யூஎல் சர்வரில் ட்ரிகர் கட்டளைக்கு ஒரு தடவைதான் ஓடும், வரிக்கு ஒரு தடவை அல்ல. புது வரிகளை ட்ரிகருக்குக் காட்டும் இன்சர்ட்டட் என்ற உள் டேபிளில் ஒரு வரியும் இருக்கலாம், ஆயிரம் வரியும் இருக்கலாம். அதிலிருந்து ஒரு வேரியபிளில் ஐடியை எடுத்து மெயில் போட்டால், 200 வரி சேர்ந்து வந்த நாளில் ஒரே ஒரு மெயில்தான் போகும். கர்சர் வைத்து வரி வரியாக எடுத்து ஒவ்வொன்றுக்கும் அனுப்பினால், போன வருடத்துப் பழைய பதிவுகளை யாராவது எக்செலிலிருந்து மொத்தமாக ஏற்றும் நாளில் 40,000 மெயில் கிளம்பும். சாதாரண ஜிமெயில் கணக்கென்றால் ஒரு நாளைக்கு 500 தான். அதன்பின் அன்றைக்கு நிஜமாகப் போக வேண்டிய மெயிலும் போகாது.

ஆனால் தம்பி, உங்களிடம் இருப்பது எக்ஸ்பிரஸ் என்ற இலவசப் பதிப்பு. அதில் டேட்டாபேஸ் மெயில் வசதி கிடையாது, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் எஸ்க்யூஎல் சர்வர் ஏஜென்டும் கிடையாது. அதனால்தான் இணையத்தில் தேடினால் எஸ்பி ஓஏ கிரியேட் வழியாக சிடிஓ என்ற மெயில் அனுப்பும் பொருளை உருவாக்கு, எக்ஸ்பி சிஎம்டிஷெல் வழியாக ஒரு ஸ்கிரிப்டை ஓட்டு என்று வழி காட்டுவார்கள். இரண்டுமே, வேலை முடியும் வரை ட்ரிகரை நிறுத்தி வைப்பவை. நான் ஆரக்கிளில் செய்த அதே தவறு, வேறு சட்டையில். போதாததற்கு, 2005 பதிப்பிலிருந்தே இந்த இரண்டு வசதியும் இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. காரணம் பாதுகாப்பு. ஒரு மெயிலுக்காக அந்தக் கதவைத் திறந்து வைக்காதீர்கள்.

மற்ற டேட்டாபேஸ்கள் பற்றிச் சுருக்கமாக. மைஎஸ்க்யூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் மெயில் அனுப்பும் வசதி உள்ளே கிடையாது. போஸ்ட்கிரெஸில் நம்பகமற்றவை (அன்ட்ரஸ்டட்) என்று பிரித்து வைத்திருக்கும் பைத்தான், பெர்ல் மொழிகளை நிறுவி ட்ரிகருக்குள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதில் லிசன், நோட்டிஃபை என்ற அருமையான ஒன்று இருக்கிறது. ட்ரிகருக்குள் நோட்டிஃபை கொடுத்தாலும், டிரான்சாக்ஷன் கமிட் ஆன பிறகுதான் கேட்டுக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குச் செய்தி போகும். ஆனால் அந்த நேரத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்றால் செய்தி காற்றில் போனது போனதுதான், சேமிக்காது. ஆகவே அதைத் தட்டி எழுப்பும் மணியாக மட்டும் வைத்துக்கொண்டு, சேதியை டேபிளில் எழுதி வைக்க வேண்டும்.

அந்த டேபிளுக்கு வருவோம். அவுட்பாக்ஸ் என்று பெயர் வைத்துக்கொள்வோம். எந்த நிகழ்வு, எந்தச் சீட்டு எண், யாருக்கு, மெயிலுக்குத் தேவையான விவரம், எப்போது எழுதியது, எத்தனை தடவை முயன்றது, அடுத்த முயற்சி எப்போது, அனுப்பிய நேரம், கடைசி எரர். இத்தனை நெடுவரிசைகள் போதும். ட்ரிகரோ, உங்கள் செயலியோ, எடையை எழுதும் அதே டிரான்சாக்ஷனில் இதிலும் ஒரு வரி எழுதும். எடை கமிட் ஆனால் இதுவும் கமிட். எடை ரோல்பேக் என்றால் இதுவும் இல்லை. 8,460 கிலோ பிரச்சினை இந்த ஓர் இடத்தில் தீர்ந்துவிட்டது.

விவரம் என்று சொன்னேனே, அதில் ஒரு கவனம். சீட்டு எண்ணை மட்டும் எழுதிவிட்டு, அனுப்பும் நேரத்தில் போய் எடையைப் படித்தால், இடையில் யாராவது திருத்தியிருந்தால் திருத்திய எண் போகும். சில இடத்தில் அதுதான் வேண்டும், சில இடத்தில் அது கூடாது. எடைச் சீட்டு மாதிரி, அந்த நேரத்தில் சொன்ன சொல்லாக நிற்க வேண்டியவற்றுக்கு எண்களை அவுட்பாக்ஸிலேயே எழுதிவிடுவது என் வழக்கம்.

அனுப்பும் புரோகிராமை விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடவிடலாம். பவர்ஷெல்லோ பைத்தானோ, உங்களுக்குக் கைவந்தது எதுவானாலும் சரி. அனுப்பாத வரிகளை எடுக்கும், அனுப்பும், நேரத்தைக் குறிக்கும். தோற்றால் முயற்சி எண்ணிக்கையைக் கூட்டி, அடுத்த நேரத்தைத் தள்ளி வைக்கும்: ஒரு நிமிடம், ஐந்து, அரை மணி, இரண்டு மணி என்று. ஒரே சமயத்தில் இரண்டு புரோகிராம் ஓடும் என்றால் ஒருவர் எடுத்த வரியை மற்றவர் எடுக்காமல் தாண்டிப் போக வேண்டும். அதற்கு எஸ்க்யூஎல் சர்வரில் ரீட்பாஸ்ட் குறிப்பு, போஸ்ட்கிரெஸ் 9.5 முதலும் மைஎஸ்க்யூஎல் 8.0 முதலும் ஸ்கிப் லாக்டு.

இதிலும் ஒரு ஓட்டை அடைக்க முடியாமல் நிற்கும், அதை மறைக்கக் கூடாது. மெயில் சர்வர் கடிதத்தை வாங்கிக்கொண்டு "சரி" என்று சொன்னது உங்களை வந்து சேரும் முன் லைன் அறுந்தால்? போயிற்றா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாது. திரும்ப அனுப்பினால் இரண்டு போகலாம், அனுப்பாவிட்டால் ஒன்றும் போகாமல் இருக்கலாம். 1988இலேயே ஆர்எஃப்சி 1047 இந்த இரட்டை மெயில் சிக்கலைப் பற்றித் தனியாக எழுதியது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும், நான் எப்போதும் "இரண்டு போனாலும் பரவாயில்லை" என்பதைத்தான் எடுப்பேன். ஆனால் திரும்ப அனுப்பும்போது அதே மெசேஜ் ஐடியையும், பொருள் வரியில் அதே சீட்டு எண்ணையும் வைத்து அனுப்புவேன். வாங்குகிறவருக்கு இது பழையதன் நகல் என்று பார்த்த உடனே தெரியும். எண்ணும் மாறியிருக்காது. ஏஜென்ட் அன்றைக்குக் கேட்ட மாதிரி யாரும் வந்து கேட்க மாட்டார்கள்.

அவுட்பாக்ஸால் கிடைக்கும் இன்னொரு லாபத்தை நான் முதலில் எதிர்பார்க்கவில்லை. அந்த ஆலையில் மாற்றி அமைத்த பிறகு, ஒரே ஏஜென்டுக்கு ஒரு மணி நேரத்தில் எட்டு வண்டி இறங்கினால் எட்டு மெயிலுக்குப் பதில் எட்டு வரி உள்ள ஒரே மெயில் போக ஆரம்பித்தது. அவர்கள் கேட்டதும் அதுதான். ட்ரிகருக்குத் தன் முன்னால் இருக்கும் கட்டளை மட்டும்தான் தெரியும், அடுத்த வண்டி வரப்போகிறதா என்று தெரியாது. வெளியே இருக்கும் புரோகிராமால் சற்றுப் பொறுத்துச் சேர்த்துச் சொல்ல முடியும்.

பேக்கப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவுட்பாக்ஸுக்கு மாற்றுவதற்கு முன் ஒரு நாள், ஆலையின் டேட்டாபேஸ் நகலை என் அலுவலக மெஷினில் ஏற்றி ஏதோ ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தேன். சோதனைக்காக நாலு சீட்டில் எடையை மாற்றினேன். ட்ரிகரும் பேக்கப்போடு சேர்ந்துதானே வந்திருக்கிறது. மெயில் சர்வர் முகவரி அதற்குள்ளேயே எழுதியிருந்தது. நாலு நிஜ ஏஜென்டுகளுக்கு நாலு பொய் எடை போய்ச் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நானே சொல்ல வேண்டியதாயிற்று. அனுப்பும் வேலை தனி புரோகிராமில் இருந்தால், சோதனை மெஷினில் அதை ஓட்டாமல் விட்டாலே போதும்.

அவுட்பாக்ஸில் எழுதுவது ட்ரிகரா, செயலியா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. செயலியின் கோட் உங்கள் கையில் இருந்தால் அதில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து வருகிறவர் படித்தவுடன் புரிந்துகொள்வார். டேபிளுக்கு வெவ்வேறு வழியாக ஆட்கள் எழுதுகிறார்கள், ஒரு வழியில் வேறு நிறுவனத்தின் மென்பொருள், இன்னொரு வழியில் உங்கள் வெப் பக்கம், நடுவில் யாரோ கையால் அப்டேட் போடுகிறார் என்றால் அங்கே ட்ரிகர்தான் நம்பகமானது. அதுவும் ஒரே ஓர் இன்சர்ட் செலக்ட், இன்சர்ட்டட் டேபிளிலிருந்து அவுட்பாக்ஸுக்கு. அதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம்.

இப்போது உங்கள் பால் தொட்டி. காலையிலும் மாலையிலும் பால் ஊற்றும்போது வெதுவெதுப்பான பால் சேர்வதால் தொட்டியின் வெப்பம் ஏறத்தான் செய்யும், பிறகு கம்ப்ரசர் ஓடி இறங்கும். அது கோளாறு அல்ல. நிமிடத்துக்கு ஒரு வரி, 4 டிகிரிக்கு மேல் என்றால் மெயில் என்று ட்ரிகர் எழுதினால், ஒவ்வொரு வேளையும் பால் குளிரும் வரை நிமிடத்துக்கு ஒரு மெயில் போகும். மூன்றாம் நாள் மேனேஜர் அதைத் திறக்காமலே அழிக்கப் பழகிவிடுவார். கோளாறு என்பது "ஊற்றி முடித்து இவ்வளவு நேரமாகியும் இறங்கவில்லை" என்பதும், "இறங்கிய பிறகு திரும்ப ஏறுகிறது" என்பதும். இரண்டுக்குமே பல வரிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று. ராத்திரி கரண்ட் போகிறது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை. கம்ப்ரசர் நிற்கிறது. தொட்டியின் சென்சாரும் லாகரும் நிற்கின்றன. டேபிளில் வரி விழுவது நின்றுவிடுகிறது. வரி விழாத இடத்தில் எந்த ட்ரிகர் ஓடும்? பால் கெட்டுப்போகிற அந்த ராத்திரியில்தான் உங்கள் ட்ரிகர் மிக அமைதியாக இருக்கும். நடந்ததைத்தான் ட்ரிகரால் பார்க்க முடியும். நடக்க வேண்டியது நடக்காமல் போனதைப் பார்க்க, கடிகாரத்தை வைத்துக்கொண்டு வெளியே ஒருவர் நிற்க வேண்டும்.

அதனால் உங்களுக்கு என் யோசனை: ட்ரிகரே வேண்டாம். நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடும் சிறிய புரோகிராம் முதலில் ஒன்றைக் கேட்கட்டும்: கடைசி வரி வந்து 5 நிமிடத்துக்கு மேல் ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. அடுத்தது, கடைசியாக ஊற்றி முடித்த நேரத்திலிருந்து நீங்கள் வைத்திருக்கும் கெடுவுக்குள் 4 டிகிரிக்கு வந்ததா என்று பார்க்கட்டும். நிலை மாறும்போது மட்டும், அதாவது சரியாக இருந்தது கெடும்போது ஒன்று, கெட்டது சரியாகும்போது ஒன்று, அவுட்பாக்ஸில் எழுதட்டும். இந்த புரோகிராமை டேட்டாபேஸ் இருக்கும் அதே மெஷினில் மட்டும் வைத்தால் கரண்ட் போகும்போது அதுவும் சேர்ந்து படுத்துவிடும். ஆகவே நிமிடத்துக்கு ஒரு தடவை வெளியில், வேறு ஊரில் ஓடும் ஒரு சர்வருக்கு "நான் இருக்கிறேன்" என்று ஒரு சின்ன அழைப்பு போகட்டும். அந்த அழைப்பு நின்றால் அந்த சர்வர் சொல்லட்டும்.

ட்ரிகரில் நேராக மெயில் வைப்பது எங்குமே சரியில்லையா என்றால், ஒரு சின்ன இடம் இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரின் முழுப் பதிப்பு, டேட்டாபேஸ் மெயில், நாளுக்கு ஐந்தாறு வரிகூட விழாத டேபிள், வாங்குபவர் டேட்டாபேஸைக் கவனிக்கும் நீங்களே, போகாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. உதாரணமாக, யாராவது ஒரு டேபிளின் அமைப்பை மாற்றினால் எனக்கு ஒரு மெயில். அப்படி ஒன்றை நானும் இரண்டு இடங்களில் வைத்திருக்கிறேன். பணம், எடை, பால், மருந்து என்று வெளியே இருக்கும் ஒருவர் நம்பி நடக்கும் எதற்கும் வைக்க மாட்டேன்.

கடைசியாக, ராத்திரி 2 மணிக்கு மேனேஜர் மெயில் பார்க்க மாட்டார். அவுட்பாக்ஸில் எந்த வழியாக அனுப்புவது என்று ஒரு நெடுவரிசை சேர்த்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கை வரிகள் எஸ்எம்எஸ்ஸாகவோ தானியங்கி போன் அழைப்பாகவோ போகட்டும். எஸ்எம்எஸ் என்றால் தொலைத்தொடர்பு ஆணையமான டிராய் விதிப்படி அனுப்புநர் பெயரையும் வாசகத்தையும் டிஎல்டி தளத்தில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்கு நாளாகும், இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். தொட்டி அறைக்கு வெளியே, பேட்டரியில் ஓடும் ஒரு சைரனும் மாட்டச் சொல்லுங்கள். வாட்ச்மேன் அண்ணன் காதுக்கு அதுதான் முதலில் எட்டும்.